டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும் தகப்பனில்லாப் பிள்ளைகளும்



ஆண்டறிக்கை மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு நிர்வாகக் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். இமாம்கள், இறைநேசர்கள் ஆகியோரின் சரிதைகளே இத்தகைய மலர்களில் இடம்பெறுவது வழக்கம். இவ்வாண்டு நாம் தேர்ந்துகொண்டவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவர் ஒரு மருத்துவர். 1968-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டவர். ஆயினும் அவருடைய பெயர் நம் கொல்லிமலைத் தாய்மார்களுக்குப் புதியதன்று. கருவுற்றதும் கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் பதிந்து அரசின் மகப்பேறு நிதியுதவியைப் பெறுகிறார்களே, 1987-இல் தொடங்கப்பெற்ற அத்திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயராலேயே நடைபெற்று வருகிறது. ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து இன்று அது 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியாகும். அந்தப் பெயரை உச்சரிப்பவர் பலர்; பெயருக்குரியவர் யாரென அறிந்தவர் சிலரே.

அவரைத் தேர்ந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. எந்த ஜமாஅத்தின் பதிவேட்டைப் புரட்டினாலும் தலைக்கட்டு என்று ஓர் ஆண்மகனின் பெயரே எழுதப்பட்டிருக்கும். சந்தா அவர் பெயரில். அழைப்பு அவர் பெயரில். பைத்துல்மாலிலிருந்து உதவி கேட்பதும் அவர் வாயிலாகவே. கணவனை இழந்தவர், தலாக் ஆகிப் பிறந்தகம் திரும்பியவர், பிழைப்புக்கென வெளியூர் சென்ற கணவனிடமிருந்து ஆண்டுக்கணக்கில் தகவலே வராதவர் ஆகியோரின் வீடுகள் தகப்பன் பெயரிலோ சகோதரன் பெயரிலோ ஒட்டிக்கொள்கின்றன; சில நேரங்களில் எந்தப் பக்கத்திலும் இடம்பெறாமலே போய்விடுகின்றன. பருவமடையும் முன் தந்தையை இழந்த பிள்ளையைத்தான் ஃபிக்ஹு நூல்கள் யதீம் என்கின்றன. தந்தை உயிரோடிருந்தும் இல்லாதது போலான பிள்ளைக்கு நம் வழக்கில் ஒரு பெயர்கூட இல்லை. பெயரில்லாத காரணத்தால் அதன் பசி குறைந்துவிடுவதில்லை.

நபி (ஸல்) அவர்கள் தந்தையைக் காணாமலே பிறந்து, பாட்டனார் அப்துல் முத்தலிப் அவர்களின் நிழலிலும், பின்னர் பெரிய தந்தையார் அபூதாலிப் அவர்களின் நிழலிலும் வளர்ந்தார்கள் என்பதை மக்தபுப் பிள்ளைகளும் அறிவர். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் சொல்லும் ஒரு செய்தி அந்த அளவு பரவலாக அறியப்படவில்லை. கூஃபா நகரில் ஏழைத் தாயின் பிள்ளையாக இருந்த அவரை, தாயார் துணி வெளுப்பவரிடம் வேலைக்கு விட்டிருந்தாராம். பிள்ளையோ வேலையை விட்டுவிட்டு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாட அவையில் போய் உட்காருவாராம். தாயார் வந்து இழுத்துச் செல்வாராம். இமாம் அவர்கள் பட்டு வணிகர். சொந்தக் கடையில் உழைத்து உண்டவர். பிள்ளையின் வருமானத்தை இழந்துவிட அந்தத் தாயால் இயலாது என்பதைப் புரிந்துகொண்டு, வீட்டுச் செலவுக்கான பணத்தை அவ்வப்போது தாமே கொடுத்துவந்தார்களாம். அந்தப் பிள்ளை பின்னாளில் கலீஃபா ஹாரூன் ரஷீத் அவர்களின் தலைமைக் காழியாக அமர்ந்தார். தொழிலுடைய ஒருவர் தகப்பனில்லாப் பிள்ளைக்கு எப்படித் துணை நிற்பது என்பதற்கு நம்மிடையே பழைய முன்மாதிரி இருக்கத்தான் செய்கிறது. தமிழகத்தில், நம் பாட்டனார் காலத்தில், அதே பணியைப் பன்மடங்கு பெரிதாகச் செய்தவர் இந்த அம்மையார்.

முத்துலட்சுமி அவர்கள் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித்துறையில் பெயர் பெற்றவர். தாயார் சந்திரம்மாள் கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அம்மையாரை மணந்ததால் ஐயரை அவருடைய உறவினர் ஒதுக்கிவைத்தனர். பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணுக்குச் சட்டப்படியான கணவன் கிடையாது. அவள் பெறும் பிள்ளைகளுக்கு ஊரறியத் தகப்பன் கிடையாது. தாயின் பெயரே அவர்களுக்கு முகவரி. அந்தப் பெயரே அவர்களுக்கு இழிவு. முத்துலட்சுமி அவர்களுக்குத் தகப்பனார் இருந்தார்; படிக்கவும் வைத்தார். ஆனால் தாய்வழி உறவில் இருந்த பெண்களின் நிலையை அவர் சிறுவயது முதல் அருகிருந்து கண்டவர்.

மகாராஜா கல்லூரியில் அவர் சேர முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. ஒரு பெண் ஆண்களோடு அமர்ந்து படிப்பதா என்பது வெளியே சொல்லப்பட்ட காரணம். தாயாரின் குலத்தைச் சொல்லியும் முணுமுணுத்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதி வழங்கினார். அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் ஓர் அனுமதி கொடுத்தால் என்னவெல்லாம் நடக்கக்கூடும் என்பதற்கு அந்த ஆணை போதிய சான்று. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பணிபுரிந்தார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டி அவர்களை மணந்தார். தம்மைச் சமமாக நடத்தவும் தம் பணிக்குக் குறுக்கே நில்லாதிருக்கவும் ஒப்புக்கொண்ட பிறகே அம்மையார் அத்திருமணத்திற்கு இசைந்தார்.

மருத்துவத் தொழிலில் இறங்கியபின் அவர் சென்ற இடங்களுள் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். அம்மையார் பிறந்த அதே 1886-ஆம் ஆண்டில் பிறந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. சிறுமியாக இருந்தபோதே விதவையானவர். பின்னர் படித்துப் பட்டம் பெற்று ஆசிரியையானவர். அவர் 1912-இல் குழந்தை விதவைகளுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். பின்னாளில் அவ்வில்லம் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் நடந்தது. மொட்டையடிக்கப்பட்டு மூலையில் உட்காரவைக்கப்பட்ட சிறுமியரை அவர் ஆசிரியைகளாக்கினார். அவ்வில்லத்துப் பெண்களுக்கு மருத்துவராக இருந்து உதவியவர் முத்துலட்சுமி அம்மையார். ஒருவர் ஆசிரியை, மற்றவர் மருத்துவர். காசு திரட்டிக் கொடுப்பதோடு நிற்காமல், தாம் கற்ற தொழிலையே கொண்டுபோய்க் கொடுத்தனர். நன்கொடை பெரிதல்ல என்று நாம் சொல்லவில்லை. பைத்துல்மால் நன்கொடையால்தான் நடக்கிறது. ஆனால் விதவையின் வீட்டுக்கு நூறு ரூபாய் கொண்டுபோகிறவர் வாசலோடு திரும்பிவிடுகிறார். நாடி பார்க்கிறவர் உள்ளே சென்று அமர்ந்து, அந்த வீட்டில் என்ன குறைகிறது என்பதைக் கண்ணால் கண்டுவருகிறார்.

1925-இல் அரசு உதவியுடன் மகளிர், குழந்தை மருத்துவத்தில் மேற்பயிற்சிக்காக இலண்டன் சென்றார். திரும்பியபின் மாதர் சங்கத்தாரின் வற்புறுத்தலால் சென்னை சட்ட மேலவையின் உறுப்பினர் பொறுப்பை ஏற்றார். அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். நல்ல வருமானமுள்ள மருத்துவத் தொழிலுக்கு அது இடையூறு என்று அவர் தயங்கியதும் உண்டு. அந்த அவையில் அவர் வற்புறுத்தியவை பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை, பெண்ணின் திருமண வயதை உயர்த்துதல் போன்றவை. அவர் முயன்று பெற்றவற்றுள் முஸ்லிம் மாணவியருக்கான விடுதியும் ஒன்று என்பதை நம் மக்கள் மறக்கலாகாது.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் எடுத்த முயற்சியே பெரும் போராயிற்று. சத்தியமூர்த்தி போன்ற புகழ்பெற்ற தலைவர்களே எதிர்த்து நின்றனர். அதைவிடக் கவனிக்கத்தக்கது, அந்தப் பெண்களுள் ஒரு பகுதியினரும் எதிர்த்து மனு அளித்தனர் என்பது. மேலோட்டமாகப் பார்த்தால் இது விந்தையாகத் தோன்றும். கோயில் பணிக்காக அவர்களுக்கு மானிய நிலம் இருந்தது. பணி போனால் நிலம் போகும். நிலம் போனால் பிள்ளைகளுக்குச் சோறு போகும். தகப்பனில்லாக் குடும்பத்தின் தலைவிக்கு மானத்தைப் பற்றிப் பேசுமுன் மறுநாள் அடுப்பைப் பற்றிப் பேசவேண்டும். அம்மையார் இதை அறிந்திருந்தார். ஆகவே 1929-இல் நிறைவேறிய சட்டத்திருத்தம், கோயில் பணி செய்யவேண்டும் என்ற கட்டிலிருந்து அந்த நிலங்களை விடுவித்து, அப்பெண்களுக்கே உரிமையாக்க வழிசெய்தது. முதலில் வாழ்வாதாரம், பிறகு தடை. பொட்டுக்கட்டுதலை முற்றிலும் தடுக்கும் சட்டம் 1947-இல்தான் வந்தது. நம்மிடையே வழக்கறிஞர்களாக உள்ளோர் இந்த வரிசையைச் சற்று நின்று நோக்கவேண்டும் என்பது நம் கருத்து. பஞ்சாயத்தில் அமர்ந்து, இருவரும் பிரிந்துவிடுங்கள் என்று தீர்ப்புரைப்பது எளிது. பிள்ளைகளின் செலவுக்கு மாதந்தோறும் யார், எவ்வளவு, எந்தத் தேதியில் தருவது என்பதை எழுதி வாங்காத தீர்ப்பு, அந்தத் தாயை வீதியில் நிறுத்திவிடுகிறது.

1930-இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அம்மையார் தம் மேலவைப் பதவியைத் துறந்தார். அதே ஆண்டில்தான் அவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த பணி, அவர் திட்டமிடாமலே வாசற்படி ஏறி வந்தது. பொட்டுக்கட்டும் குடும்பங்களைச் சேர்ந்த சிறுமியர் மூவர், அந்த வாழ்க்கை வேண்டாம், படிக்கவேண்டும் என்று அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினர். சென்னையில் பெண்களுக்கான விடுதிகள் இருந்தன. அம்மையாரோ சட்டமன்றத்தில் துணைத் தலைவராக இருந்தவர். அவருடைய பரிந்துரைக்கு மதிப்பில்லாமல் போகுமா? போயிற்று. பிராமணர் விடுதியும் ஏற்கவில்லை. பிராமணரல்லாதார் விடுதியும் ஏற்கவில்லை. அந்தப் பிள்ளைகள் யார் வயிற்றில் பிறந்தவர்கள் என்பதே அவர்கள் செய்த குற்றம்.

இங்கே அம்மையார் என்ன செய்தார் என்பதே நாம் இந்தச் சரிதையைச் சொல்ல எடுத்துக்கொண்டதன் காரணம். வேறிடம் தேடும்வரை காத்திருங்கள் என்று திருப்பி அனுப்பவில்லை. ஒரு குழு அமைத்து நிதி திரட்டியபின் பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை. தம் சொந்த வீட்டிலேயே தங்கவைத்தார். அவ்வாறு பிறந்ததே ஔவை இல்லம். குலத்தைக் கேட்டு மூடிய கதவுகளுக்கு மாற்றாக, குலத்தையும் தகப்பன் பெயரையும் கேளாமல் திறக்கும் ஒரு கதவாக அது அமைந்தது. 1936-இல் அடையாற்றுக்கு இடம் மாறியது. கணவனை இழந்தோர், கைவிடப்பட்டோர், அநாதைச் சிறுமியர் என்று பல தரப்பினர் வந்தனர். சோறும் துணியும் மட்டும் கொடுத்து வைத்திருக்கும் இடமாக அதை அவர் விடவில்லை. பள்ளிப் படிப்பு, அதன்பின் ஆசிரியப் பயிற்சி, செவிலியர் பயிற்சி என்று கைத்தொழிலும் வருமானமும் உள்ளவர்களாக அப்பெண்களை வெளியே அனுப்பினார். அங்கு வளர்ந்த பெண் ஆசிரியையாகி மாதச் சம்பளம் வாங்கும்போது, அவளுடைய தாயைப் பற்றிக் கேட்கும் துணிவு ஊருக்கு மெல்ல மெல்லக் குறைந்தது. இன்றும் அவ்வில்லம் நடைபெறுகிறது. தாயோ தந்தையோ ஒருவர் மட்டுமே உள்ள ஏழைச் சிறுமியரும் அங்கு தங்கிப் படிக்கின்றனர்.

இதில் நமக்கு ஒரு சிறு மாற்றுக் கருத்தும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. விடுதி என்பது தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கிறது. அந்தக் காலத்தில், அந்தச் சிறுமியருக்குத் தாய்வீடே ஆபத்தாக இருந்தது. ஆகவே வேறு வழியில்லை. இக்காலத்தில் விதவையின் பிள்ளைக்கு உதவுகிறோம் என்று சொல்லி, உடனே தொலைதூர யதீம்கானாவில் சேர்த்துவிட்டுக் கடமை முடிந்ததென இருப்பது சரியாகுமா? தாய் உயிரோடிருக்கிறாள், அன்பும் இருக்கிறது, பணம்தான் இல்லை. பணத்தைக் கொடுத்துப் பிள்ளையைத் தாயிடமே விடுவதுதான் நேர்மை. அரசும் இன்று அவ்வாறே எண்ணுகிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், விதவை, விவாகரத்தானவர், கைவிடப்பட்டவர் ஆகியோரின் பிள்ளைகள் வீட்டிலேயே வளர்வதற்காக மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு தரப்படுகிறது. கிராமப்புறமாயின் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. நாமக்கல்லில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவரை இழந்து, மற்றவராலும் பராமரிக்க இயலாத பிள்ளைகளுக்குத் தமிழக அரசு 2025-இல் அன்புக் கரங்கள் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் மாதம் 2,000 ரூபாய்.

திட்டம் இருக்கிறது, ஆனால் திண்ணனூர் நாட்டிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே இறங்கி, ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்வர ஒரு தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடும். இறப்புச் சான்றில் ஓர் எழுத்து மாறியிருந்தால் இன்னொரு நாள். மிளகு பறிக்கும் நாளிலும் காபி பறிக்கும் நாளிலும் அவளுக்கு அந்த ஒரு நாள் மிகப் பெரிது. மலையேறி வரும் மருத்துவர், ஆசிரியர், வங்கி ஊழியர், கணக்கர் ஆகியோர் ஒரு நாளை அவளுக்காகக் கொடுப்பது எவ்வளவு பெரிய ஸதகா என்பதைச் சொல்லித்தான் தெரியவேண்டுமென்பதில்லை. ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை மட்டும். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடுவில் உன் அத்தா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்கும் அந்தக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தெரிந்துகொள்ள வேண்டுமாயின் தனியே அழைத்துக் கேளுங்கள். அம்மையார் கதவைத் தட்டிய மூன்று சிறுமியரையும் விரட்டியடித்தது அந்த ஒரு கேள்விதான்.

அம்மையாரின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகக் காண்போம். 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதென்று தொடக்கத்தில் சரியாகக் கண்டறியப்படவில்லை. அந்தத் துயரம் முப்பது ஆண்டுகளுக்குமேல் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் குடிசை போன்ற எளிய கட்டடத்தில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அவருடன் 1955-இல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை நாடறிந்த நிறுவனமாக வளர்த்தனர். நம் மலையிலிருந்தும் சமவெளியிலிருந்தும் எத்தனையோ ஏழைகள் அங்கே சிகிச்சை பெற்றுத் திரும்பியுள்ளனர். நோய் ஒரு தாயைக் கொண்டுபோனால் அந்த வீடும் ஒற்றைத் துணையின் வீடாகிவிடுகிறது. மனைவியை இழந்த ஆண்களை நாம் இக்கட்டுரையில் அதிகம் குறிப்பிடவில்லை, ஆனால் சமைக்கத் தெரியாத கைகளுடன் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் தகப்பன்மாரும் நம்மிடையே உள்ளனர். புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிவது பிள்ளைகளைத் தாயற்றவர்களாக்காமல் காப்பதும் ஆகும் என்பதை அம்மையார் தம் குடும்பத்திலேயே கண்டவர்.

1954-இல் மாநில சமூக நல வாரியத்தின் தலைவரானார். 1956-இல் அரசு பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், 82-ஆம் வயது நிறைவதற்குச் சில நாள்களே இருக்கையில் காலமானார்.

நிர்வாகக் குழுவினரிடம் நாம் இரண்டு கோரிக்கைகளை எழுத்து மூலம் கொடுத்துள்ளோம். தாய் மட்டுமே உள்ள வீட்டை அந்தத் தாயின் பெயரிலேயே தனித் தலைக்கட்டாகப் பதிவேட்டில் எழுதவேண்டும். அவ்வீட்டாரிடம் தலைக்கட்டு வரி கேட்கலாகாது. ஆனால் பைத்துல்மாலிலும் குர்பானிப் பங்கிலும் அவர்களுக்கு முதல் வரிசை வேண்டும். மற்றது, மருத்துவம், சட்டம், கல்வி, கணக்கு ஆகிய தொழில்களில் உள்ள நம் சகோதர சகோதரிகள் ஆளுக்கு ஒரு வீட்டை ஓராண்டுக்குப் பொறுப்பேற்க வேண்டும். பணம் அவர்களிடம் கேட்கப்படமாட்டாது. பிள்ளையின் மதிப்பெண் பட்டியல், தாயின் ஓய்வூதிய விண்ணப்பம், மருந்துச் சீட்டு ஆகியவற்றை மாதம் ஒருமுறை பார்த்துக் கொடுத்தாலே போதும். எந்த வீட்டை யார் பார்க்கிறார் என்பது செயலாளருக்கும் நமக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. மினாராவிலிருந்து அறிவிப்பும் செய்யப்படாது. ஆண்டுப் பொதுக்குழுவில் இது எடுத்துக்கொள்ளப்படும், இன்ஷா அல்லாஹ். பெயர் கொடுக்க விரும்புவோர் ஜும்ஆவுக்குப் பின் அலுவலக அறையில் தரலாம்; பெண்கள் தங்கள் வீட்டார் வழியாக மட்டுமின்றி நேரிலும் தரலாம்.